காலியிட அத்தாட்சி

சேலத்து ஜனங்களுக்குச் செடி வளர்க்கத் தெரியாது என்ற விஷயம் 1943-ஆம் வருஷத்தில் சர்க்காருக்குத் தெரிய வந்தது. யுத்த காலம். அரிசிக்கு க்யூ நின்றார்கள். சில நாள் அரிசி கிடைத்தது, சில நாள் க்யூ மட்டும் கிடைத்தது. ஆகவே அவரவர் வீட்டுக் கொல்லையிலேயே காய்கறி பயிரிடக் கற்றுக் கொடுப்பதற்காகச் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மாடி வீட்டைப் பிடித்து 'நகர வீட்டுத் தோட்ட அபிவிருத்தி ஆபீஸ்' என்று ஒன்றைத் திறந்தார்கள். எட்டு மாதத்தில் அங்கே நான்கு குமாஸ்தாக்களும், இரண்டு டவாலிச் சேவகர்களும், பதினோரு வகை நமூனாப் படிவங்களும் தழைத்து வளர்ந்தன. வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி ஒன்றும் இருந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியது எந்தச் சேவகன் என்பது தீர்மானமாகாததால் அது மட்டும் வாடிவிட்டது.

அந்தச் சமயத்தில் மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. இதுவரை எத்தனை தோட்டம் போட்டிருக்கிறீர்கள்? பங்குனி மாதத்தில் ஒரு பெரிய அதிகாரியும் அவருடைய துரைசானியும் சேலம் வருகிறார்கள். அவர்கள் திறந்து வைக்க ஒரு முன்மாதிரித் தோட்டமாவது தயாராக இருக்க வேண்டும்.

ஸ்பெஷல் ஆபீசர் வீரபாகு கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு சென்றாயன் என்ற சேவகனைக் கூப்பிட்டு, ஊருக்குள் எங்கேயாவது பச்சையாகத் தெரிகிறதா என்று பார்த்து வரச் சொன்னார். சென்றாயன் அரை நாள் சுற்றிவிட்டு அம்மாபேட்டையில் ஒரு சந்தில், கூரை ஓட்டின் மேல் அவரைக்கொடி பூத்துக் கிடப்பதைக் கண்டுபிடித்தான். அது அர்த்தநாரியின் வீடு.

அர்த்தநாரிக்கு முப்பத்தாறு வயது. குழித்தறியில் குண்டஞ்சு வேட்டி நெய்கிறவன். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தான். அந்தத் தெருவுக்கு யாருக்குக் கடிதம் வந்தாலும், நோட்டீஸ் வந்தாலும் அவனிடம்தான் கொண்டு வருவார்கள். அவன் தறியை நிறுத்திவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, வாசித்துக் காட்டுவான். அப்படிச் செருமுவதில் அவனுக்கு ஒரு சின்னச் சந்தோஷம் உண்டு. இந்தக் கதை முழுவதும் அந்தச் செருமலால் வந்த வினை.

கொல்லை பன்னிரண்டு அடி நீளம், ஒன்பது அடி அகலம். அதை உண்டாக்கியவள் அவன் மனைவி சென்னியம்மாள். வீட்டில் புழங்கிய தண்ணீர் சின்னக் கால்வாயாக ஓடி முதலில் வாழையடியில் விழும். அங்கே நின்று சேப்பங்கிழங்குக்குப் போகும். மிஞ்சியது கீரைப் பாத்திக்கு. தறியில் பாவு நூலுக்குப் போட்டு மீந்த கஞ்சியும் மண்ணுக்குத்தான். அடுப்புச் சாம்பல் பூச்சிக்கு. அவரைக்குத் தரையில் இடம் கிடையாது. அது ஓட்டின் மேல் ஏறிக்கொண்டது. சுவரோரம் ஒரு முருங்கை, ஒரு சுண்டைச் செடி. எரு, பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாளின் இரண்டு ஆடுகள் போட்ட புழுக்கை.

பொன்னாத்தாள் புருஷனை இழந்தவள். அர்த்தநாரியின் தறிக்குத் தார் நூல் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தாள். அவள் மகள் ஆராயிக்கு எட்டு வயது. முந்தின வருஷம் அந்தப் பெண்ணுக்கு மாலைக்கண் கண்டுவிட்டது. வைத்தியர், "மருந்தெல்லாம் வேண்டாம், தினம் கீரை போடு" என்றார். அன்று முதல் சென்னியம்மாள் தினம் ஒரு முறம் முருங்கைக்கீரையோ முளைக்கீரையோ பறித்துச் சுவருக்கு மேலாகக் கொடுத்துவிடுவாள். நாலே மாதத்தில் பெண் விளக்கு வைக்கிற நேரத்திலும் தெருவில் ஓடி விளையாடியது.

இந்தக் கொல்லைக்குத்தான் தை மாதம் ஒரு காலை வேளையில் வீரபாகு வந்து சேர்ந்தார். காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"தோட்டம் எங்கே?" என்று கேட்டார்.

"இதுதானுங்க" என்றான் அர்த்தநாரி.

"மிஸ்டர் அர்த்தநாரி, செடி இருந்தால் அது தோட்டம் ஆகிவிடாது. காட்டிலும்தான் செடி இருக்கிறது. பிளான் இருந்தால்தான் தோட்டம். இந்த முருங்கை ஏன் இந்த மூலையில் நிற்கிறது? யாருடைய உத்தரவு?"

அர்த்தநாரி பிறந்ததிலிருந்து அவனை யாரும் மிஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. அந்த வார்த்தை காதிலேயே நின்றுவிட்டது.

"இதையெல்லாம் யார் வைத்தது?" என்று வீரபாகு கேட்டார்.

சமையற்கட்டு நிலையருகே சென்னியம்மாள் ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தாள். அர்த்தநாரி அவளைப் பார்த்தான். வீரபாகுவின் கை அப்போது அவன் தோள்மேல் இருந்தது.

"ஊட்டுப் பொம்பளைங்க பொழுது போகாம எதையோ நட்டு வெச்சிருக்குதுங்க" என்றான்.

சென்னியம்மாள் உள்ளே போய்விட்டாள். அவனுக்கு முகம் சுட்டது. ஆனால் தோள்மேல் இருந்த கை அங்கேயே இருந்தது.

மறுநாள் ஆபீஸுக்குப் போனான். நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நமூனாக்களை ஒவ்வொன்றாக நீட்டினார்கள். ஏழாவது நமூனா காலியிட அத்தாட்சி. 'மேற்படி இடத்தில் தற்சமயம் எவ்விதப் பயிரும் இல்லை. வெறும் பாழிடம்' என்று அச்சடித்திருந்தது. கீழே கையெழுத்துக்குக் கோடு.

"பயிர் இருக்குதுங்களே?" என்று அர்த்தநாரி கேட்டான்.

"அதை எடுத்துவிட வேண்டும்" என்றார் வீரபாகு. "பயிர் இல்லாத இடத்தில் பயிர் உண்டாக்கத்தான் எங்களைச் சர்க்கார் வைத்திருக்கிறது. பயிர் இருக்கிற இடத்தில் பயிர் உண்டாக்குவதற்கு ஆபீஸ் எதற்கு? நன்றாக யோசித்துப் பாருங்கள். பாழ் இருந்தால்தான் அபிவிருத்தி. அபிவிருத்தி இருந்தால்தான் நாங்கள்."

"மாட்டேன்னு சொன்னா என்ன ஆகுமுங்க?"

"ஒன்றும் ஆகாது. யுத்த முயற்சிக்கு ஒத்துழைக்க மறுத்தார் என்று பதினோராவது நமூனாவில் எழுதி மேலே அனுப்புவோம். மேலே போனது இதுவரை திரும்பி வந்ததில்லை. அதனால் என்ன ஆகும் என்று எங்களுக்கே தெரியாது." பேனாவை நீட்டி, "ஒத்துழைத்தால் வாசலில் ஆறடிப் பலகை. அதில் உங்கள் பெயர். தமிழிலும் இங்கிலீஷிலும்" என்றார்.

பயந்து கையெழுத்துப் போட்டான் என்று சொல்லிவிட்டால் அர்த்தநாரிக்குக் கொஞ்சம் மரியாதை மிஞ்சும். ஆனால் பேனாவைத் தொட்டபோது அவன் மனதில் இருந்தது பதினோராவது நமூனா அல்ல, பலகை.

சென்னியம்மாளிடம் அவன் சொல்லவில்லை. அந்த வாரம் அவள் தங்கையின் வளைகாப்புக்கு ராசிபுரம் போனாள். மூன்று நாள். அவள் ஏறிய வண்டி தெருமுனை திரும்பியதும் சென்றாயன் அரிவாளோடும் கடப்பாரையோடும் வந்துவிட்டான். முருங்கையை வெட்டினார்கள். பாதிக் குலை தள்ளியிருந்த வாழையைச் சாய்த்தார்கள். ஓட்டின் மேலிருந்து அவரையை இழுத்தபோது பூவும் பிஞ்சுமாகத் தலைமேல் கொட்டியது.

பொன்னாத்தாள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, அக்கா சொல்லித்தான் வெட்டறீங்களா?"

"ஆமா" என்றான் அர்த்தநாரி.

மூன்றாம் நாள் சாயங்காலம் சென்னியம்மாள் திரும்பி வந்தாள். துணி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனவள் நின்றுவிட்டாள். அர்த்தநாரி, "பிளான் வந்திருக்குது சென்னி. சீமை வெதை. பலகை வெக்கறாங்களாம்..." என்று ஆரம்பித்தான்.

"சுண்டச் செடியுமா?" என்றாள் அவள்.

அவ்வளவுதான். கைகால் கழுவினாள். கழுவிய தண்ணீர் வழக்கப்படி கால்வாயில் ஓடியது. போய்ச் சேர இடம் இல்லாமல் நடுக்கொல்லையில் குட்டையாகத் தேங்கி நின்றது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதன்பிறகு அவள் அவனோடு பேசவில்லை. "சோறு போட்டு வெச்சிருக்குது" என்று சுவரிடம் சொல்வாள்.

பிளான் நீலக் காகிதத்தில் வந்தது. யுத்தத்தில் ஜெயிக்கப் போவதைக் குறிக்கும் பொருட்டு, பாத்தி இங்கிலீஷ் 'வி' எழுத்தின் வடிவத்தில் இருக்க வேண்டும். இரண்டு அதிகாரிகள் பக்கத்தில் பக்கத்தில் நடந்து பார்வையிடும்படி மூன்றடிப் பாதை, சுற்றிலும் செங்கல் வரிசை. பார்வையாளர் உட்கார ஒரு பெஞ்சு. கொடிக்கம்பம். ஆறடிப் பலகையைத் தெருவில் வைக்க முனிசிபாலிட்டி அனுமதி வேண்டுமாம். ஆகவே அதைக் கொல்லைக்குள்ளேயே நட்டார்கள். 'வி'யின் வலது கை முழுவதும் பலகையின் நிழலில் போயிற்று. எல்லாம் வைத்தபிறகு மிஞ்சிய மண் இரண்டு பாய் விரிக்கிற அளவு.

விதைப் பொட்டலங்கள் வந்தன. முட்டைக்கோஸ், பீட்ரூட், நூல்கோல். நூல்கோல் என்றதும் அது ஏதோ தறிச்சாமான் என்று அர்த்தநாரி சந்தோஷப்பட்டான். அதுவும் கிழங்கு மாதிரி ஒரு காய்தான் என்று சென்றாயன் தெளிவுபடுத்தினான்.

விதைத்தார்கள். முளைத்தது. ஒரு நாள் முழுக்க அர்த்தநாரிக்குக் கால் தரையில் பாவவில்லை. பிறகுதான் தண்ணீர் விவகாரம் வந்தது. வீட்டில் புழங்கிய தண்ணீர் அசுத்தமானது, அதை முன்மாதிரித் தோட்டத்தில் விடக்கூடாது. குழாய்த் தண்ணீர் சுத்தமானது, அதைச் செடிக்கு விடக்கூடாது. கிணற்றுத் தண்ணீர் விடலாம். அந்த வீட்டில் கிணறு இல்லை. ஆட்டுப் புழுக்கை பிளானில் கிடையாது. சர்க்கார் உரம் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அர்த்தநாரி மனு எழுதினான். பதினெட்டு நாள் கழித்துப் பதில் வந்தது: 'தங்கள் மனு கிடைத்தது. மழை வரும் காலத்தை உத்தேசித்துத் தோட்டத்தைப் பராமரித்து வரவும்.'

வாரா வாரம் சென்றாயன் ஒரு காகிதத்தோடு வருவான். அதில் இரண்டே கட்டங்கள். 'திருப்தி', 'மிகவும் திருப்தி.' செடி இரண்டு இலை விட்டது, மூன்றாவது இலைக்கு யோசித்தது, பிறகு வெயிலில் சுருண்டது. முதல் மூன்று வாரம் 'மிகவும் திருப்தி.' எல்லாம் கருகிய வாரம், மனச்சாட்சிக்குப் பயந்து, அர்த்தநாரி 'திருப்தி' என்று குறித்தான்.

அந்த மாதத்தில் ஒருநாள் பொன்னாத்தாள் பழக்க தோஷத்தில் முறத்தை எடுத்துக்கொண்டு சுவரருகே வந்துவிட்டாள். கொல்லையைப் பார்த்ததும் நினைவு வந்தது. முறத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, என்னவோ ஆட்டைத் தேடி வந்தவள்போல் திரும்பிப் போனாள். தறிக்குழியில் இருந்த அர்த்தநாரிக்கு அது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு தறியில் ஓடும் நாடாவை வேகமாகத் தள்ளினான்.

மாசி முடிவதற்குள் அவளே சொன்னாள். "பொழுது எறங்குனா புள்ள செவுத்தைத் தடவுதுங்கண்ணா. மறுக்காவும் வந்திருச்சாட்டம் இருக்குது. கடைவீதியில கீரையே வாரதில்லீங்க."

"கோஸ் வந்திரும், பொன்னாத்தா. அதுலயும் சத்து இருக்குதாம்" என்றான் அவன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

துரைசானி வருவதற்கு முந்தின நாள் வீரபாகு வந்து 'வி'யைப் பார்த்தார். அதில் சுள்ளிகூட இல்லை. அவர் கலங்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு வண்டி வந்தது. அதில் ஏற்காட்டுத் தோட்டத்திலிருந்து வரவழைத்த பன்னிரண்டு முட்டைக்கோஸ், எங்கிருந்தோ வேரோடு பிடுங்கிய கத்தரி, தக்காளிச் செடிகள், தனியாக ஒரு கூடைக் காய்கள். கோஸை மண்ணில் பாதி புதைத்தார்கள். செடிகளை நட்டார்கள். காய்களை நூலால் கட்ட வேண்டியதுதான் பாக்கி.

"இது பொய்யல்லங்களா?" என்று அர்த்தநாரி மெல்லக் கேட்டான்.

"எது பொய்? காய் நிஜம். செடி நிஜம். இரண்டுக்கும் உள்ள உறவைத்தான் நாம் கொஞ்சம் முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறோம்" என்றார் வீரபாகு. "ஏழாவது நமூனாவில் பாழிடம் என்று கையெழுத்துப் போட்டவர் நீங்கள். வாரா வாரம் திருப்தி என்று குறித்தவரும் நீங்கள். இப்போது தோட்டம் இல்லை என்றால், பயிரை அழித்தவர் என்று ஆகும். யுத்த காலத்தில் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. நெசவாளி வீட்டில் முடிச்சுப் போடக்கூடவா ஆள் இல்லை?"

அர்த்தநாரி அவசர அவசரமாகக் கட்டிப் பார்த்தான். கட்டிய காய் எல்லாம் விழுந்தது. கடைசியில் அவன் சமையற்கட்டு வாசலுக்குப் போய் நின்றான்.

"சென்னி. கொஞ்சம் கட்டிக் குடு."

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு நூல்கண்டை எடுத்துக்கொண்டு வந்து பாத்தியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பாவில் அறுந்த இழையைப் பிணைக்கிற முடிச்சு ஒன்று உண்டு. இழுக்க இழுக்க இறுகும். நாற்பத்தொரு காய்க்கும் அந்த முடிச்சையே போட்டாள். ஒவ்வொரு தடவையும் நூலைப் பல்லால் கடித்தாள். கொல்லையில் அவள் நூல் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. வேறு ஆணாயிருந்தால் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அங்கே நின்றிருக்க மாட்டான். அர்த்தநாரி காய்களை எடுத்து எடுத்துக் கொடுத்தான்.

விழா நாலு மணிக்கு. பெரிய அதிகாரியும் துரைசானியும் ஆறேகாலுக்கு வந்தார்கள். கொல்லையில் பத்துப் பேர்தான் நிற்க முடியும். மற்றவர்கள் வீட்டுக்குள்ளும் சுவர் மேலும் நின்றார்கள். வட்டாரக் குழந்தை ஒன்று எலுமிச்சம்பழமும் மாலையும் தட்டில் ஏந்தி வரவேற்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. பக்கத்து வீடுதானே என்று ஆராயியைச் சிங்காரித்து நிறுத்தியிருந்தார்கள். நாலு மணி வெயிலுக்கு அது சரியாக இருந்திருக்கும். பொன்னாத்தாள் வந்து அர்த்தநாரியின் காதில், "இருட்டறதுக்குள்ள குடுக்கச் சொல்லிருங்கண்ணா" என்றாள். அவன் சென்றாயனிடம் சொன்னான். நிகழ்ச்சி நிரலை மாற்ற முடியாது என்று சென்றாயன் சொன்னான். பேச்சுக்குப் பிறகுதான் மாலை.

முதலில் அர்த்தநாரி பேசினான். எழுதிக் கொடுத்ததைப் படித்தான். வழக்கப்படி தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"என் கொல்லையானது பல வருஷ காலமாகப் பாழிடமாய், விஷச் செடிகள் மண்டி, யாருக்கும் பிரயோஜனமின்றிக் கிடந்தது. சர்க்காரின் கருணையினால்..."

நிலையருகே சென்னியம்மாள் நிற்பது அவனுக்குத் தெரியும். காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கடைசி வரி வரை படித்து முடித்தான். படிப்பு என்ற ஒன்று தனக்கு வராமலே இருந்திருக்கலாம் என்று அவனுக்கு வாழ்க்கையில் முதல் முறையாகத் தோன்றியது.

பிறகு வீரபாகு பேசினார். "இந்தத் தெரு ஜனங்களுக்குக் கீரை என்றால் என்னவென்று தெரியாது. கீரையில் வைட்டமின் என்ற சத்து இருக்கிறது. அது இல்லாவிட்டால் மாலைக்கண் வரும். இதை இவர்களுக்கு யார் சொல்வது? நாங்கள் சொல்கிறோம்! இதுவரை முப்பதாயிரம் துண்டுப் பிரசுரம் அச்சடித்திருக்கிறோம். அவ்வளவும் எங்கள் ஆபீஸில் பத்திரமாக இருக்கிறது. கரையானுக்கும் மழைக்கும் ஒன்றைக்கூட விட்டுக் கொடுக்கவில்லை. யாராவது ஆபீஸ் நேரத்தில் வந்து, ஆறாவது நமூனாவில் எழுதிக் கேட்டால் கொடுப்போம். பத்து மாதத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்றால் ஜனங்களின் அறியாமை எவ்வளவு ஆழமானது என்று பாருங்கள்!"

அவர் முடித்தபோது பொழுது நன்றாக இறங்கிவிட்டது. "குழந்தை மாலை கொண்டு வரட்டும்" என்றார்.

ஆராயி தட்டோடு நடந்தாள். குரல் வந்த பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு நடந்தாள். பலகையை நட்டிருந்த கம்பத்துக்கு முன்னால் போய் நின்று, மரியாதையாகக் குனிந்து, கம்பத்துக்கு நேராகத் தட்டை நீட்டினாள். யாரும் வாங்காததால் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தாள். செங்கல் வரிசை தடுக்கி, தட்டும் தானுமாக 'வி'யின் நடுவில் குப்புற விழுந்தாள். எலுமிச்சம்பழம் உருண்டது. சுவர்மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

துரைசானி என்னவோ கேட்டாள். வீரபாகு இங்கிலீஷில் விளக்கினார். தோட்டத்தைக் கண்ட ஆனந்தத்தில் குழந்தை பூமாதேவியைச் சாஷ்டாங்கமாக நமஸ்கரிக்கிறது என்று அவர் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. துரைசானி கைதட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அர்த்தநாரி ஓடிப்போய்ப் பெண்ணைத் தூக்கினான். வாயெல்லாம் மண். அவள் கண்கள் அவன் முகத்துக்கு ஓரமாக எங்கேயோ பார்த்தன.

"மாமா, நான் சரியாக் குடுத்தனா?" என்று கேட்டாள்.

"குடுத்த, கண்ணு" என்றான். அவனுக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனால் அந்த மண் இரண்டு பாய் அகலம்தான்; அதிலும் கோஸ் இருந்தது.

துரைசானி ஒரு கத்தரிக்காயைப் பறிக்கக் குனிந்தாள். இழுத்தாள். வரவில்லை. இறுக்கி இழுத்தாள். செடியே வேரோடு கையில் வந்தது. காய் மட்டும் காம்பில் அசையாமல் இருந்தது. செடி வேரோடு வருவது மண்ணின் மென்மைக்கு அடையாளம் என்று வீரபாகு சொன்னார். மறுபடியும் கைதட்டினார்கள். போகும்போது மாதிரிக்கு வேண்டும் என்று நாற்பத்தொரு காயையும், பன்னிரண்டு கோஸையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பத்து நாளில் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, அர்த்தநாரியின் குடும்பம் உணவில் தன்னிறைவு அடைந்துவிட்டதால் அவன் ரேஷன் அரிசியில் பாதி குறைக்கப்படுகிறது. இரண்டு, அவன் சேவையைப் பாராட்டி அம்மாபேட்டைக்கு அவனைக் கௌரவ இன்ஸ்பெக்டராக நியமித்திருக்கிறார்கள். தெருவில் மீதியுள்ள முப்பத்திரண்டு வீடுகளிலும் காலியிட அத்தாட்சி வாங்க வேண்டியது அவன் பொறுப்பு.

அர்த்தநாரி இரண்டையும் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனான். இந்தத் தடவை நாற்காலியில் உட்காரவில்லை.

"காயெல்லாம் நூல்ல கட்டினதுங்க" என்றான். "முன்னால இருந்தது பாழிடமும் இல்லீங்க. என் சம்சாரம் வெச்ச தோட்டமுங்க. நான் பொய்யாக் கையெழுத்துப் போட்டேன். அதை எழுதிக்குங்க."

வீரபாகு அவனை அனுதாபத்தோடு பார்த்தார். "கட்டியதற்குச் சாட்சி?"

"நீங்களே நின்னு பாத்தீங்களே!"

"நான் நின்றதற்கு ரிகார்டு இல்லை. மிஸ்டர் அர்த்தநாரி, நன்றாக விளைந்தது என்று ரிப்போர்ட் மேலே போய்விட்டது. இப்போது விளையவில்லை என்று சொல்வதானால் நீங்கள் விளைச்சலை நாசம் செய்தீர்கள் என்றுதான் எழுத முடியும். நடக்காததை எழுத எங்களிடம் நமூனா இல்லை."

"அப்ப இந்த இன்ஸ்பெக்டர் வேலையாச்சும் எனக்கு வேண்டாமுங்க."

"ஏற்றுக்கொண்டேன் என்று ஒரு கடிதம் கொடுங்கள். பிறகு ராஜினாமா செய்யலாம். ஏற்காததை எப்படி ராஜினாமா செய்வீர்கள்?"

அர்த்தநாரி வெளி அறையில் உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் நாலு பக்கம் எழுதிக் குமாஸ்தாவிடம் கொடுத்தான். குமாஸ்தா அதைப் படித்துவிட்டு, 'பயனாளிகளின் யோசனைகள்' என்ற காகிதக் கட்டில் சேர்த்து, மேலே ஒரு வரிச் சுருக்கம் எழுதினான்: 'எதிர்காலத்தில் இதைவிட மெல்லிய நூலை உபயோகிக்கலாம் என்று பயனாளி கருதுகிறார்.'

மறுநாள் காலை தெருக்குழாயில் குடங்கள் வரிசையில் இருந்தபோது அர்த்தநாரி போய் நின்றான். செருமவில்லை. கையில் காகிதம் இல்லாமல் பேசுவது அவனுக்குச் சிரமமாக இருந்தது.

"எல்லாரும் கேளுங்க. அந்தக் காயெல்லாம் கட்டினது. நாந்தான் கட்டச் சொன்னேன். அந்த நமூனாவில யாரும் கையெழுத்துப் போட்டிராதீங்க. நான் வந்து கேட்டாலும் போடாதீங்க."

யாரும் ஆச்சரியப்படவில்லை. ஒரு கிழவர் பல் துலக்கிக்கொண்டே தலையை ஆட்டினார்.

"தெரியுமுங்கண்ணா" என்றாள் பொன்னாத்தாள். "கட்டறப்பவே செவுத்து மேல இருந்து பாத்துட்டுத்தானே இருந்தோம். நாங்க என்ன கண்ணு தெரியாதவங்களா?" சொன்னதும் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்குப் புரிந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். குடம் நிரம்பி வழிந்தது, அவள் எடுக்கவில்லை.

அர்த்தநாரிக்கு அதைவிட அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

அன்று முதல் அவன் விடியும்போதே கிளம்பி மூக்கனேரிக்கு நடப்பான். போக வர ஆறு மைல். ஏரிக்கரையில் பொன்னாங்கண்ணி கிடைக்கும். கரையோரத் தோட்டக்காரர் ஒருவர் முருங்கைக்கீரை ஒடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார். துண்டில் கட்டிக்கொண்டு வந்து பொன்னாத்தாள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் தன் தறிக்குழியில் இறங்கிவிடுவான். முப்பத்திரண்டு வீட்டுக்கும் அத்தாட்சி கேட்டு நோட்டீஸ் வந்தது. எந்த வீட்டிலும் அதை வாசிக்கச் சொல்லி அவனிடம் கொண்டு வரவில்லை, அதை வைத்து அடுப்புப் பற்றவைத்தார்கள்.

ஐந்தாவது வாரம் ஒருநாள் விளக்கு வைக்கிற வேளையில் அவன் தெருவில் போய்க்கொண்டிருந்தான். "மாமா, துண்டு கீழ விழுந்திருச்சு" என்று பின்னால் குரல் கேட்டது. ஆராயி வாசற்படியில் உட்கார்ந்து இருந்தாள். பத்து அடி தூரம் இருக்கும். அர்த்தநாரி குனிந்து துண்டை எடுத்தான். நிமிர்வதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சித்திரையில் சென்றாயன் வந்து பலகையையும், பெஞ்சையும், கொடிக்கம்பத்தையும், செங்கல்லையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனான். சேலத்தில் வேலை பூர்த்தியாகிவிட்டதென்று மேலிடம் பாராட்டி, ஆபீஸை வேறொரு ஜில்லாவுக்கு மாற்றியிருந்தது. அந்த ஜில்லா ஜனங்களுக்கும் செடி வளர்க்கத் தெரியாதாம்.

அந்த வாரமே கோடை மழை பெய்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து ஓய்ந்தது. மூன்றாம் நாள் காலையில் அர்த்தநாரி கொல்லைப்பக்கம் போனான். விழா முடிந்த நாளிலிருந்து அவன் அங்கே கால் வைக்கவில்லை. சென்னியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கைகளில் முழங்கை வரை சேறோடு, குனிந்து நின்றாள். வாசற்படியைவிட்டு இறங்கி அவள் அருகே போனான். என்ன சொல்ல வேண்டும் என்று இரண்டு மாதமாக யோசித்து வைத்திருந்தான்.

"சென்னி, நான் பண்ணுனது..."

"காலை எடுங்க" என்றாள்.

தை மாதத்துக்குப் பிறகு அவள் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

"நீங்க நிக்கற எடத்துல வெதை போட்டிருக்குது."

அர்த்தநாரி சட்டென்று வலது காலைத் தூக்கினான். கீழே பார்த்தான். மண் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி ஈரமாக, மட்டமாக இருந்தது. எங்கே விதை இருக்கிறது, எங்கே இல்லை என்று அவனுக்குக் கொஞ்சமும் தெரியவில்லை. தூக்கிய காலை எங்கே வைப்பது என்று அவள் சொல்வதற்காக அவன் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான்.